கார்புரேட்டர் எஸ்டீமுக்கு எம்பிஎஃப்ஐ எஞ்சின்: புதுச்சேரி வண்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. கடந்த பிறகும் வேகமாக நகராமல் அங்கேயே நின்று கொட்டியதில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர், வெங்கட்டா நகர் எல்லாம் சாதாரண மழைக்கே தண்ணீர் தேங்கும் பகுதிகள். அன்று தண்ணீர் வீடுகளுக்குள்ளேயே புகுந்துவிட்டது.

இந்த ஆய்வில் வரும் வண்டி அந்தப் பகுதியில் ஒரு வீட்டு போர்டிகோவில் நின்றிருந்த 1997 மாடல் மாருதி எஸ்டீம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பழைய கருவியான கார்புரேட்டர் உள்ள வண்டி, பிஒய்-01 பதிவு. உரிமையாளர் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர். புதிதாக வாங்கிய நாளிலிருந்து ஒரே கையில் இருந்த வண்டி; பெயிண்ட் மங்கியிருந்ததே தவிர பாடியில் துரு மிகக் குறைவு. கடலோர ஊரில் இந்த வயது வண்டிக்கு அது அபூர்வம். பின்னால் எடுத்த முடிவுகள் பலவற்றுக்கு இந்தப் பாடிதான் காரணம்.

தண்ணீர் சீட் மட்டம் வரை ஏறியிருந்தது. சக்கரம் பாதி தெரியும் அளவுக்கு வடிந்ததும், மேட்டுத் தெருவுக்கு ஓட்டிப் போய்விடலாம் என்று வீட்டார் சாவியைத் திருகினார்கள். முதல் முறை செல்ஃப் பாதி சுற்றி நின்றது. இரண்டாவது முறை ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்த வண்டி என்பதால் இழப்பீடு என்ற பேச்சே எழவில்லை.

வழக்கமாக இந்த வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கடை வைத்திருப்பவர். டிசம்பர் 2, 3 தேதிகளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து தென்பெண்ணைக் கரையெல்லாம் மூழ்கியதால் கடலூர்ப் பக்கமும் ரோடு சரியாகச் சில நாள் பிடித்தது. அப்புறம்தான் வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். மின்வேலைக்காக நான் பின்னால் சேர்ந்துகொண்டேன். முதல் கட்டச் சோதனைகள் மெக்கானிக் எழுதி வைத்திருந்த குறிப்பிலிருந்து.

## பிரிப்பதற்கு முன் கண்டது

நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு கிராங்க் புல்லியை ஸ்பானரால் கையால் சுற்றியபோது 2, 3 சிலிண்டர்களிலிருந்து தண்ணீர் பீறிட்டது. ஆயில் டிப்ஸ்டிக்கில் வந்தது பால் அதிகம் ஊற்றிய டீ மாதிரி இருந்தது. பிளக் துளை வழியாக ஒரு கம்பியை விட்டு ஒவ்வொரு பிஸ்டனும் உச்சிக்கு வரும்போது எவ்வளவு உயரம் வருகிறது என்று அளந்தார். மூன்றாவது பிஸ்டன் மற்றவற்றைவிட 2 மி.மீ.க்கும் மேல் தாழ்வாக நின்றது.

ராட் வளைந்துவிட்டது என்பதற்கு இதைவிட எளிய சான்று இல்லை. தண்ணீர் அமுங்காது; அமுக்க வந்த பிஸ்டன் நிற்கும்; செல்ஃபும் ஃப்ளைவீலும் தள்ளுகிற தள்ளலில் கனெக்டிங் ராட் வளைந்து குட்டையாகும். ஆயில் மாற்றி, கார்புரேட்டரைத் துடைத்து எப்படியாவது ஸ்டார்ட் செய்து கொடுத்துவிடலாம் என்று கடையில் ஒருவர் சொல்லிப் பார்த்தார். மெக்கானிக் ஒப்புக்கொள்ளவில்லை. வளைந்த ராடோடு ஓடும் எஞ்சின் ஒருநாள் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) பார்த்ததில் மூன்றாவதில் சதுர செ.மீ.க்கு 7 கிலோ, மற்ற மூன்றிலும் 11-ஐ ஒட்டி. இந்த எஞ்சின் குடும்பத்துக்கு 14 இருக்க வேண்டும், 12-க்குக் கீழே போகக் கூடாது. அதாவது வெள்ளத்துக்கு முன்பே எஞ்சின் தேய்ந்துதான் இருந்தது.

## மூன்று வழிகள்

பழைய எஞ்சினைப் பிரித்துக் கட்டுவது முதல் வழி. போர், பிஸ்டன், ராட், பேரிங் எல்லாம் புதிது. லேத் வேலை கடலூரிலேயே நடக்கும். ஆனால் கார்புரேட்டருக்கு அசல் கிட் கிடைப்பது அரிதாகிவிட்டது. கடையில் கிடைக்கும் டூப்ளிகேட் போட்டால் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஒருநாளும் நிலையாக இருக்காது.

இன்னொரு கார்புரேட்டர் எஞ்சின் வாங்கி மாட்டுவது இரண்டாவது. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும். அதுவும் 25 வயதைத் தாண்டிய எஞ்சினாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, அதே எஸ்டீமின் பிந்தைய வருட எம்பிஎஃப்ஐ எஞ்சின், அதாவது கார்புரேட்டர் இல்லாமல், கணினிக் கட்டுப்பாட்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சின். ‘இந்தியா 2000’ புகை விதி 2000 ஏப்ரல் 1-ல் நாடு முழுக்க வந்தது. அதற்கு முந்தைய வருடமே எஸ்டீமில் 16 வால்வு ஜி13பிபி எஞ்சின் வந்துவிட்டது. பழையதும் புதியதும் 1298 சி.சி.தான். கார்புரேட்டரில் 65 குதிரைத்திறன், எம்பிஎஃப்ஐயில் 85. பிளாக் குடும்பம் ஒன்று, கியர் பாக்ஸ் மாட்டும் முறை ஒன்று, மவுண்டிங் இடமும் ஏறக்குறைய ஒன்று.

2005-ல் வந்த முதல் ஸ்விஃப்டிலும் இதே ஜி13பிபி உண்டு என்பதால் கடையில் அந்த யோசனையும் வந்தது. ஸ்விஃப்ட் எஞ்சின் எளிதில் கிடைக்கும், வயதும் குறைவு. ஆனால் ஈசிஎம் (எஞ்சினை ஆளும் கணினி) வேறு, வயரிங் வேறு, சாவியைச் சரிபார்க்கும் ஐகேட்ஸ் பூட்டு வேறு. சாவி, ரிசீவர், ஈசிஎம் மூன்றும் ஒரே வண்டியிலிருந்து சேர்ந்து வராவிட்டால் எஞ்சின் மூச்சே விடாது. அதைவிட, ஆர்சியில் பதிய வேண்டிய கட்டத்தில் அதே மாடலின் எஞ்சின் என்று காட்ட முடிவது ஒரு பலம். அதனால் எஸ்டீமுக்கு எஸ்டீம் என்று முடிவானது.

“எஞ்சினைப் பிரிச்சுக் கட்டுற செலவுல இன்னொரு முழு வண்டியே வாங்கிடலாம் சார்” என்று மெக்கானிக் சொன்னதற்கு, “எனக்கு வேற வண்டி வேணாம் தம்பி, இதே வண்டி ஓடணும்” என்று உரிமையாளர் பதில் சொன்னாராம். மெக்கானிக் சொன்ன அந்த ‘முழு வண்டி’தான் கடைசியில் சரியான வழியாக அமைந்தது, வேறு அர்த்தத்தில்.

## எஞ்சின் மட்டுமா, வண்டி முழுசுமா

எஞ்சின் மட்டும் வாங்கினால் மலிவு என்பது பில்லில் மட்டும். எம்பிஎஃப்ஐ எஞ்சினோடு என்னென்ன வர வேண்டும் என்று எழுதிப் பார்த்தோம். ஈசிஎம், எஞ்சின் வயரிங் முழுசாக, மெயின் ரிலே, பம்ப் ரிலே, ஃபேன் ரிலே, பெட்ரோல் டேங்கும் அதற்குள் இருக்கும் பம்பும், பிரஷர் பைப்புகள், ஆக்சிஜன் சென்சார் மாட்டிய எக்ஸாஸ்ட், கேட்டலிடிக் கன்வர்ட்டர், ஏர் கிளீனர் பெட்டி, ஆக்சிலரேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர். கூடவே கையால் அள்ளும் அளவுக்குச் சின்னச் சின்ன பிராக்கெட்டுகள். இவற்றைத் தனித்தனியாகத் தேடினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வருடத்து வண்டியிலிருந்து வரும். ஒரு வருட ஈசிஎம், இன்னொரு வருட வயரிங், மூன்றாவது வருட சென்சார் என்று சேர்ந்தால் எந்தப் பழுதுக்கும் காரணம் கண்டுபிடிக்க முடியாது.

முதலில் பார்த்த வண்டி கடலூரிலேயே, மலிவாக, எஞ்சின் ஓடுகிற நிலையில் கிடைத்தது. டேஷ்போர்டு பெட்டியைத் திறந்ததும் உள்ளே மெல்லிய வண்டல் கோடு. கார்ப்பெட்டைத் தூக்கினால் சீட் ரெயிலில் புதுத் துரு, வயர்களை இணைக்கும் ஒரு கப்ளருக்குள் பச்சை பூத்திருந்தது. டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டியை வெளியே மட்டும் கழுவி விற்கிறார்கள். தண்ணீரில் கெட்ட வண்டிக்குத் தண்ணீரில் ஊறிய ஈசிஎம்மை வாங்கி மாட்டுவதில் பொருளில்லை என்று விட்டுவிட்டோம். 2024 டிசம்பருக்குப் பிறகு இந்த வட்டாரத்தில் பழைய வண்டியோ உதிரிபாகமோ வாங்குகிற எவரும் வயரிங் கப்ளர்களைப் பிடுங்கிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

இரண்டாவது நெய்வேலியில் கிடைத்தது. 2001 மாடல், இடப்பக்கக் கதவும் நடுத்தூணும் நசுங்கி, சரிசெய்யும் செலவு தாங்காமல் ஒதுக்கிய வண்டி. ஐகேட்ஸ் இல்லை. எஞ்சின், டேங்க், டேஷ்போர்டு எதிலும் அடி இல்லை. கம்ப்ரெஷன் நான்கிலும் 13 கிலோவை ஒட்டி, ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லாமல் வந்தது.

இங்கே எடுத்த ஒரு முடிவு பின்னால் நிறைய நேரம் மிச்சப்படுத்தியது. வண்டியைப் பிரிக்கும் முன் அதை அதன் சொந்த வயரிங்கிலேயே ஓட்டிப் பார்த்தோம். ஏசி போட்டு, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு மூன்று முறை சுற்றி நிற்கும் வரை ஐடிலில் விட்டு, பிறகு சோதனை முனையை எர்த்தில் இணைத்து செக் எஞ்சின் விளக்கின் மினுக்கலை எண்ணினோம். 12 வந்தது. சுசுகியின் பழைய முறையில் 12 என்றால் கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். இனி மாற்றிய பிறகு எது தவறினாலும் அது நாம் செய்த வேலையில்தான் இருக்கும், எஞ்சினில் இல்லை என்று தெளிவானது.

ஒவ்வொரு கப்ளரையும் பிடுங்கும் முன் படம் எடுத்து, துணி டேப்பில் எண் எழுதி ஒட்டினோம். வயரிங்கில் ஒரு கம்பியைக்கூட வெட்டவில்லை.

## எஞ்சின் ஏறியது

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எஞ்சின், கியர் பாக்ஸ், கிளட்ச், ஆக்சில் எல்லாம் ஒரே தொகுப்பாக வந்தன, ஒரே தொகுப்பாக ஏறின. மவுண்டிங் பிராக்கெட் ஒன்றை மட்டும் பழைய எஞ்சினிலிருந்து மாற்ற வேண்டியிருந்தது. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பின்பக்க ஆயில் சீல் மூன்றையும் எஞ்சின் கீழே இருக்கும்போதே புதிதாகப் போட்டார் மெக்கானிக்.

கவனம் தேவைப்பட்டது பெட்ரோல் பக்கம்தான். கார்புரேட்டர் வண்டியில் எஞ்சின் ஓட்டும் மெக்கானிக்கல் பம்ப் 0.3 பார் அளவுக்குள்தான் தள்ளும். எம்பிஎஃப்ஐயில் டேங்குக்குள் இருக்கும் மின் பம்ப் 2.5 பாருக்கும் மேல் தள்ளுகிறது. பழைய ரப்பர் ஹோஸையும் சாதாரண கிளிப்பையும் இதற்குப் போட்டால் தீதான். டேங்கிலிருந்து ஃபில்டர் வரை, ஃபில்டரிலிருந்து ரெயில் வரை பிரஷர் பைப் முழுவதும் நெய்வேலி வண்டியிலிருந்தே வந்தது. இடையில் வரும் ரப்பர் துண்டுகளை மட்டும், இப்போது பங்கில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ரகத்தில் புதிதாகப் போட்டோம். டேங்க் பட்டைகளின் இடம் ஒத்துப்போனது அதிர்ஷ்டம்.

## வயரிங்: எங்கே இணைப்பது

வண்டிக்கு ஏற்கெனவே ஒரு வயரிங் இருக்கிறது: லைட், வைப்பர், ஹார்ன், பவர் விண்டோ எல்லாம் அதில். வரும் எஞ்சினுக்கு இன்னொரு வயரிங். இரண்டும் சந்திக்கும் இடம்தான் இந்த வேலையின் உயிர்.

கடையில் இருந்த இளைய எலக்ட்ரீஷியன் கலர் பார்த்து இணைக்கலாம் என்றார். பல கம்பிகளில் கலர் ஒத்துப்போகத்தான் செய்தது. சுசுகி வயரிங்கில் கறுப்பு-வெள்ளை என்றால் இக்னிஷன் கரண்ட் என்பது பொதுவான வழக்கம். ஆனால் அதே கலர் எந்த ஃப்யூஸ் வழியாக, சாவியின் எந்த நிலையில் வருகிறது என்பது வருடத்துக்கு வருடம் மாறும். கலர் ஒத்துப்போவது ஒரு குறிப்பு மட்டும்தான், மீட்டர் சொல்வதே முடிவு.

நான் சொன்ன வழி இது. எஞ்சின் வயரிங்கை ஈசிஎம், ரிலேக்களோடு சேர்த்து ஒரு தனித் தீவாக வைக்க வேண்டும். பழைய பாடி வயரிங்கைத் தொடவே கூடாது. இரண்டுக்கும் நடுவே தவிர்க்க முடியாத சில கம்பிகள் மட்டும் ஒரே ஒரு புதுக் கப்ளர் வழியாகக் கடக்க வேண்டும். நாளை ஏதாவது நின்றால் அந்தக் கப்ளரில் மீட்டரை வைத்தால் கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். வெட்டி முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் வண்டி முழுக்கப் பரவினால் அது முடியாது.

அப்படிக் கடக்க வேண்டியவை குறைவுதான். பேட்டரியிலிருந்து நிலையான கரண்ட், சாவி ஆன் நிலை கரண்ட், ஸ்டார்ட் சிக்னல், செக் எஞ்சின் விளக்கு, வேக சிக்னல், ஏசி வேண்டும் என்ற சிக்னல், டெம்பரேச்சர் மீட்டர், ஆயில் விளக்கு, சார்ஜ் விளக்கு. பம்ப் கம்பி மட்டும் தரைக்கு அடியில் பின்னால் போக வேண்டும். அதைப் பழைய ஃப்யூஸ் பெட்டியிலிருந்து எடுக்காமல், பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டுத் தனியாக இழுத்தோம். வெள்ளத்தில் நின்ற ஃப்யூஸ் பெட்டியை நம்பி பம்பை ஓட்டுவது சரியில்லை.

ஏசி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் ஏசி சுவிட்ச் போட்டால் கரண்ட் நேரே கம்ப்ரெஸருக்குப் போகும், ஒரு வாக்குவம் வால்வு ஐடிலைக் கொஞ்சம் தூக்கும். எம்பிஎஃப்ஐயில் சுவிட்ச் ஈசிஎம்மிடம் கேட்க மட்டும்தான் செய்கிறது. ஈசிஎம் முதலில் ஐடிலை ஏற்றிவிட்டு, பிறகுதான் கம்ப்ரெஸர் ரிலேயை இழுக்கும். பழைய கம்பியை அப்படியே விட்டிருந்தால் ஏசி போட்ட ஒவ்வொரு முறையும் எஞ்சின் திணறும். அதனால் கம்ப்ரெஸருக்குப் போன பழைய கம்பி கழன்று, ஈசிஎம்முக்குக் கேள்விக் கம்பியாக மாறியது. ரேடியேட்டர் ஃபேனும் அப்படியே. பழைய தெர்மோ சுவிட்ச் போய், ஈசிஎம் ஆளும் ரிலே வந்தது.

ஈசிஎம்மை நெய்வேலி வண்டியில் இருந்ததைவிட ஒரு சாண் உயரத்தில், டேஷ்போர்டுக்குள் புதுத் தகடு அடித்து மாட்டினோம். ரெயின்போ நகரில் நிற்கப் போகிற வண்டி.

## முதல் ஸ்டார்ட்டும் தொடர்ந்து வந்த கோளாறுகளும்

2025 மார்ச் மாதம் முதல் முறை சாவி போட்டபோது பம்ப் இரண்டு விநாடி ரீங்கரித்து நின்றது. பைப் எங்கும் கசிவில்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. சாவியை விடும் அந்த நொடியில் மட்டும் ஒருமுறை இருமி, சில சமயம் ஓடவும் செய்தது.

செல்ஃப் சுற்றும்போது பிடிக்காமல் விடும்போது பிடித்தால், பெட்ரோலையும் பிளக்கையும் தேடுவது வீண். ஈசிஎம்முக்குப் போகும் இக்னிஷன் கம்பியில் மீட்டரை வைத்தால் சாவி ஆனில் 12 வோல்ட், ஸ்டார்ட் நிலையில் பூஜ்யம். இளைய எலக்ட்ரீஷியன் அந்தக் கரண்டை ப்ளோயர் மோட்டார் போகும் சர்க்யூட்டிலிருந்து எடுத்திருந்தார். செல்ஃப் சுற்றும்போது பேட்டரிச் சுமையைக் குறைக்க அந்த சர்க்யூட்டைச் சாவியே துண்டித்துவிடும். கார்புரேட்டர் வண்டியில் அதனால் எந்தப் பாதகமும் இல்லை. கறுப்பு-வெள்ளைக் கம்பிதான், கலர் சரிதான்! பழைய இக்னிஷன் காயிலுக்குப் போய்க்கொண்டிருந்த கரண்ட் ஆன், ஸ்டார்ட் இரண்டு நிலையிலும் இருக்கும். அதற்கு மாற்றியதும் அரைச் சுற்றில் பிடித்தது.

இரண்டாவது கோளாறு மெதுவாக வந்தது. ஐடிலில் முகப்பு விளக்கைப் போட்டால் டெம்பரேச்சர் முள் லேசாக ஏறியது, ஐடில் ஊசலாடியது. விளக்கு போட்டால் தண்ணீர் சூடாகாது. எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே, செல்ஃப் சுற்றும்போது எவ்வளவு வோல்ட் இழப்பு என்று பார்த்ததில் 0.7 வந்தது. 0.2-க்கு மேல் போனாலே சந்தேகப்பட வேண்டும். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை பழைய வண்டியுடையது. வெள்ளத்தில் ஊறி உள்ளே பொடிந்திருந்தது, வெளியே பார்க்க நன்றாகவே இருந்தது. புதுப் பட்டை போட்டு, போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, மேலே கிரீஸ் பூசியதும் முள் அசையாமல் நின்றது. கார்புரேட்டர் எஞ்சின் மோசமான எர்த்தைப் பல வருடம் பொறுத்துக்கொள்ளும். சென்சார்களை வோல்ட் கணக்கில் படிக்கிற ஈசிஎம்மால் அது முடியாது.

மூன்றாவதுதான் ஆளைச் சுற்றவிட்டது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஓட்டிப் பார்த்தபோது ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வரை ஒரு குறையும் இல்லை. அரியாங்குப்பம் நெரிசலில், வேகத்திலிருந்து காலை எடுத்து கிளட்சை மிதித்து வண்டி நிற்கப் போகும் தறுவாயில் எஞ்சின் அணைந்தது. உடனே ஸ்டார்ட் ஆனது. மரப்பாலம் சிக்னலில் ஏசியோடு மறுபடி அணைந்தது. நின்ற இடத்தில் எவ்வளவு நேரம் ஐடிலில் விட்டாலும் அணையவில்லை.

மெக்கானிக் த்ராட்டில் பாடியைக் கழுவச் சொன்னார், கழுவியும் மாறவில்லை. ஐடில் வால்வை மாற்றலாம் என்ற பேச்சு வந்தது. அதற்கு முன் மினுக்கலை எண்ணிப் பார்த்தோம்: 24. வேக சிக்னல் வரவில்லை. பழைய வண்டியின் ஸ்பீடோமீட்டர் கியர் பாக்ஸிலிருந்து வரும் கேபிளில் ஓடுவது, மின் சிக்னல் எதுவும் அதில் கிடையாது. 2001 வண்டியின் ஸ்பீடோமீட்டரும் கேபிளில்தான் ஓடுகிறது, ஆனால் உள்ளே ஒரு சின்ன ரீட் சுவிட்ச் சக்கரம் சுற்றுவதை ஈசிஎம்முக்குத் துடிப்பாக அனுப்புகிறது. வண்டி உருண்டுகொண்டே நிற்கப் போகிறது என்பது தெரிந்தால்தான் ஈசிஎம் ஐடில் காற்றை முன்கூட்டியே திறந்து வைக்கும்.

உரிமையாளர் தன் பழைய மீட்டரை விட மனமில்லாமல் அதையே வைக்கச் சொல்லியிருந்ததால் வேகக் கம்பி கப்ளர் வரை வந்து சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. நெய்வேலி மீட்டரிலிருந்து ஸ்பீடோ பகுதியை மட்டும் எடுத்துப் பழைய மீட்டர் கூட்டுக்குள் பொருத்தினோம். 24 போய் 12 வந்தது. அணைவதும் நின்றது. இதனால் ஓடிய கிலோமீட்டர் கணக்கு மாறிவிட்டதை, தேதியும் இரண்டு அளவுகளும் எழுதிப் படத்தோடு வண்டிக் கோப்பில் வைக்கச் சொன்னேன். எதிர்காலத்தில் யாராவது மீட்டரைத் திருப்பியதாகச் சொல்லக் கூடாது.

## ஆர்சி

வேலை தொடங்கும் முன்பே இதைத் தொடங்கியிருந்தோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி எஞ்சின் மாற்றத்தை ஆர்சியில் பதிந்தாக வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், விபத்து நடந்த அன்று காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது எஞ்சின் எண்ணைத்தான். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்புச் சொன்ன பிறகு அதிகாரிகள் இதில் கண்டிப்பாகவே இருக்கிறார்கள்.

மனுவோடு வைத்தவை: நெய்வேலி வண்டியை வாங்கிய பில், அதன் ஆர்சி ரத்தான சான்று, இரண்டு எஞ்சின் எண்களின் பென்சில் பதிவு, கடை பில். தமிழ்நாட்டில் பதிவான வண்டியின் எஞ்சின் புதுச்சேரி வண்டிக்கு வருவதால் அங்கிருந்து சான்று வந்து சேரத்தான் நேரம் பிடித்தது. ஆய்வாளர் நேரில் பார்த்தார். அதே நிறுவனம், அதே மாடல், அதே 1298 சி.சி., அதே எரிபொருள். மாறியது எஞ்சின் எண் மட்டும் என்பதால் பதிவானது. ஸ்விஃப்ட் எஞ்சினாக இருந்திருந்தால் இவ்வளவு சுலபமாக முடிந்திருக்குமா என்பது சந்தேகமே.

புகைச் சோதனை உரிமையாளருக்கு ஒரு வேடிக்கை. 1997 வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி. பிஎஸ்-2, பிஎஸ்-3 புகை விதிகளின்படி வந்த பெட்ரோல் கார்களுக்கு 0.5 சதவீதம்தான். இந்த வண்டி இப்போது 0.5-க்கும் கீழே வருகிறது. சோதனை செய்த பையன் குழாயைச் சரியாகச் செருகவில்லையோ என்று மறுபடி செருகிப் பார்த்தானாம்.

## அதன் பின்

2025 கோடை முழுக்க ஏசியோடு ஓடியது. முன்பு ஊருக்குள் லிட்டருக்கு 10 கிலோமீட்டரை ஒட்டி வந்தது, இப்போது 13-ஐ ஒட்டி வருகிறது என்கிறார் உரிமையாளர். காலையில் சோக் இழுக்கும் வேலை இல்லை என்பதைத்தான் அவர் பெரிதாகச் சொல்கிறார். அக்டோபரில் ஒருமுறை வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று அழைப்பு வந்தது; நடுக் கப்ளரில் மீட்டர் வைத்ததில் நிலையான கரண்ட் வரவில்லை. பாடிப் பக்கத்து ஃப்யூஸின் பிடிப்புத் தகடு துருப்பிடித்து விட்டிருந்தது. புதுத் தகடு மாற்றியதும் வேலை முடிந்தது.

## மறுபடி செய்தால்

பாடி வயரிங்கைத் தொடக் கூடாது என்ற முடிவில் இன்றும் மாற்றமில்லை. ஆனால் வெள்ளம் கண்ட வண்டியில் ஃப்யூஸ் பெட்டியை அந்த முடிவுக்குள் சேர்க்கக் கூடாது. நெய்வேலி வண்டியின் ஃப்யூஸ் பெட்டி கையில் இருக்கும்போதே மாற்றியிருக்கலாம். அக்டோபர் அழைப்பு வந்திருக்காது.

மீட்டர் கூட்டு முழுசையும் அதன் கப்ளரோடு கொண்டுவருவதே சரி என்று உரிமையாளரிடம் ஆரம்பத்திலேயே அழுத்திச் சொல்ல வேண்டும். தோற்றம் மாறுகிறதே என்ற வருத்தம் நியாயம்தான், ஆனால் ஈசிஎம்முக்கு மீட்டரும் ஒரு சென்சார். எர்த் பட்டைகளைச் சோதிக்காமலேயே புதிதாகப் போட்டுவிட வேண்டும். நூறு, இருநூறு ரூபாய்ப் பொருளுக்கு அரை நாள் தேடக் கூடாது. சாவியின் ஒவ்வொரு நிலையிலும் எந்தக் கம்பியில் எத்தனை வோல்ட் என்று ஒரு தாளில் எழுதி முடிக்காமல் ஒரு இணைப்பும் போடக் கூடாது என்பதை அந்த இளைய எலக்ட்ரீஷியன் இப்போது தன் வழக்கமாக்கிக்கொண்டார்.

ஒன்று மட்டும் இன்னும் சரியாகவில்லை. டேங்கும் அதன் மிதவையும் 2001 வண்டியுடையது, பெட்ரோல் முள் 1997 வண்டியுடையது. இரண்டின் மின்தடைக் கணக்கு ஒத்துப்போகாததால் பாதி டேங்குக்கு முள் கால் பங்கு காட்டுகிறது. மீட்டர் கூட்டை மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்லியாகிவிட்டது. “கம்மியாத்தானே காட்டுது, அதுவும் நல்லதுதான்” என்று சொல்லிவிட்டு அவர் அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறார்.